பெங்குயின்களை ஏன் எண்ண வேண்டும்?

அன்புள்ள ஐயா,

கடல்பனி பற்றிய உங்கள் கட்டுரையில் பெங்குயின் கணக்கெடுப்பைப் பெரிய ஆதாரமாகச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. வெப்பத்தை அளக்கக் கருவி இருக்கிறது, பனியை அளக்கச் செயற்கைக்கோள் இருக்கிறது. நடுவில் இந்தப் பறவை எதற்கு? பார்க்க அழகாக இருக்கிறது, நிதி திரட்ட உதவும் என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா? ஒரு வருடம் ‘பதினைந்து லட்சம் பெங்குயின்கள் கண்டுபிடிப்பு’ என்று செய்தி வருகிறது. இன்னொரு வருடம் ‘குஞ்சுகள் கூண்டோடு அழிவு’ என்கிறார்கள். எதை நம்புவது? போதாக்குறைக்கு, பட்டை மாட்டி, கூட்டத்துக்குள் புகுந்து எண்ணுவதே அவற்றுக்குத் தொல்லை இல்லையா? கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.

இளமாறன்

அன்புள்ள இளமாறன்,

கோபம் எதற்கு? இந்தத் துறையில் இருப்பவர்களே தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள்தான் இவை.

காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்று வெப்பமானி சொல்லும். அந்தச் சூட்டால் கடலுக்குள் யார் வயிறு நிறைந்தது, யார் வயிறு காய்ந்தது என்று அதற்குத் தெரியாது. அண்டார்டிகாவில் குளிர்காலக் கடல்பனியின் அடிப்பரப்பில் நுண்பாசி வளர்கிறது. இறால் போன்ற சின்ன உயிரான கிரில்லின் குஞ்சுகள் அந்தப் பாசியைத் தின்றுதான் குளிர்காலத்தைத் தாண்டுகின்றன. பெங்குயின், சீல், திமிங்கிலம் எல்லாம் கிரில்லை நம்பி இருக்கின்றன. சரி, கிரில்லையே நேராக எண்ணிவிடலாமே என்பீர்கள். கப்பலில் வலையும் ஒலிமானியும் வைத்து எண்ணத்தான் செய்கிறார்கள். ஆனால் கிரில் திரள் திரளாக நகர்கிறது, கப்பல் போகும் கோட்டில் அது இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெங்குயினோ அந்தக் கடலைத் தன் வயிற்றுக்காகத் தினமும் துழாவுகிறது, குஞ்சுக்கு ஊட்டுவதற்காக அதே கரைக்குத் திரும்பியே ஆக வேண்டும். குஞ்சின் எடையைப் பார்த்தால் சுற்றுவட்டாரக் கடல் அந்தச் சில வாரங்களில் எப்படி இருந்தது என்பது தெரிந்துவிடும்.

அழகு விஷயத்துக்கு வருகிறேன். முறையான கண்காணிப்பு தொடங்கியதற்குக் காரணம் அழகும் இல்லை, பருவநிலையும் இல்லை. மீன்பிடிப்புதான். தென்முனைக் கடலில் கிரில்லை அள்ள ஆரம்பித்தபோது, எவ்வளவு எடுத்தால் மற்ற உயிர்கள் பட்டினி கிடக்கும் என்ற கேள்வி வந்தது. அதற்காக 1980இல் ஒரு பன்னாட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் கீழ் இயங்கும் ஆணையம் 1985இல் சூழல் கண்காணிப்புத் திட்டம் ஒன்றை அமைத்தது. அந்தத் திட்டத்தில் முக்கிய இடம் பெங்குயின்களுக்கு. மற்றபடி, அழகு நிதி திரட்ட உதவுகிறதா என்றால், உதவுகிறதுதான். கிரில்லின் படத்தைப் போட்டு யாரும் நாட்காட்டி அடிப்பதில்லையே.

எண்ணுவது எப்படி என்று பார்த்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அடேலி பெங்குயினை எடுத்துக்கொள்வோம். கூழாங்கற்களை வட்டமாகக் குவித்து அதில் இரண்டு முட்டை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ஒன்று கூட்டில் இருந்தால் இன்னொன்று பெரும்பாலும் கடலில் இருக்கும். ஆகவே கூட்டில் ஒரு பறவை என்றால் ஒரு ஜோடி என்று கணக்கு. கையில் ஒரு எண்ணியை வைத்துக்கொண்டு, ஓரமாக நின்று, ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு அழுத்து. அதே கூட்டத்தைத் திரும்பவும் எண்ண வேண்டும், பெரும்பாலும் மூன்று முறை. நடுவே கூடே இல்லாத இளவட்டங்கள் சுற்றித் திரியும். பக்கத்துக் கூட்டில் கல் திருட வந்தவையும் நிற்கும். அவற்றைச் சேர்த்துவிடக் கூடாது. முட்டையை இழந்த ஜோடிகள் கூட்டைக் கைவிட்டுக் கிளம்பிவிடும் என்பதால், சில வாரம் தாமதமாகப் போய் எண்ணினால் ஒரு பறவைகூடச் சாகாமலேயே எண்ணிக்கை விழுந்திருக்கும். எண்ணிய தேதி தெரியாத எண்ணிக்கை எதற்கும் உதவாது.

இப்போது அந்தப் பதினைந்து லட்சத்துக்கு வருவோம். அண்டார்டிகத் தீபகற்பத்தின் நுனியில், வெடல் கடல் பக்கமாக, டேஞ்சர் தீவுகள் என்று ஒரு சிறு கூட்டம். சுற்றிலும் கெட்டிப் பனி என்பதால் கப்பல்கள் அதிகம் நெருங்குவதில்லை. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் பெங்குயின் எச்சத்தின் கறையைத் தேடிக்கொண்டிருந்த ஆய்வாளர்கள் ஹெதர் லிஞ்ச், மேத்யூ ஷ்வாலர் ஆகியோர் அங்கே எதிர்பாராத அளவில் கறை இருப்பதைக் கண்டார்கள். 2015 டிசம்பரில் ஒரு குழு நேரில் போய், தரையிலும் ட்ரோனிலும் எண்ணியது. 7,51,527 ஜோடி அடேலி. 2018இல் அதை வெளியிட்டார்கள். ஆனால் அவை புதிதாகப் பெருகிய பறவைகள் அல்ல. 1957இல் விமானத்திலிருந்து எடுத்த படங்களிலேயே அந்தக் கூட்டங்கள் இருக்கின்றன. கண்டுபிடிப்பு என்பதைப் பெருக்கம் என்று படித்துவிட்டோம், அவ்வளவுதான்.

அதே தீபகற்பத்தின் மேற்குக் கரையில் கதை நேர் எதிர். அமெரிக்காவின் பால்மர் ஆய்வு நிலையத்தைச் சுற்றியிருந்த அடேலிகள் 1970களின் நடுப்பகுதியிலிருந்து எண்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டன. அந்தக் கரையில் கடல்பனி நிற்கும் காலம் சுருங்கிவிட்டது. பனி இல்லாத நீரை விரும்பும் ஜென்டூ பெங்குயின்கள் 1990களில் அங்கே வந்து குடியேறிப் பெருகின. ஒரே தீபகற்பம், இரண்டு கரை, இரண்டு இனம். இதை நீங்கள் முரண்பாடு என்கிறீர்கள். எனக்கு இதுதான் தகவல். பருவநிலை மாற்றம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் நடப்பதில்லை என்பதை ஒரு சராசரி எண் மறைத்துவிடும், இந்தப் பறவைகள் மறைப்பதில்லை.

பனி குறைந்தால் கெடுதல், கூடினால் நல்லது என்றும் எழுதிவைத்துக்கொள்ள முடியாது. கிழக்கு அண்டார்டிகாவில் பிரான்சின் டூமோன் துர்வீல் ஆய்வு நிலையத்துக்கு அருகே ஓர் அடேலி குடியிருப்பு இருக்கிறது. 2016-17 பருவத்தில் அங்கே சுமார் 18,000 ஜோடிகள். பிழைத்த குஞ்சுகள் இரண்டு. இரண்டாயிரம் இல்லை, இரண்டே இரண்டு. அந்த ஆண்டு கோடையிலும் கடல்பனி விலகவில்லை. இரை தேடப் பெற்றோர் வெகுதூரம் போக வேண்டியிருந்தது, திரும்புவதற்குள் குஞ்சுகள் பசியில் செத்துவிட்டன. 2010இல் பக்கத்து மெர்ட்ஸ் பனியாற்றின் நாக்கு, அதாவது கடலுக்குள் நீண்டு மிதந்த பகுதி, உடைந்த பிறகு அந்த வட்டாரத்தின் பனி நிலவரமே மாறிப்போயிருந்தது.

‘கூண்டோடு அழிவு’ என்று நீங்கள் படித்தது எம்பெரர் பெங்குயின்களைப் பற்றியதாக இருக்கும். கரையோடு ஒட்டி உறைந்த கடல்பனியின் மேலேயே குஞ்சு வளர்ப்பவை அவை. ஏறக்குறைய ஏப்ரல் முதல் டிசம்பர் வரை அந்தப் பனி உடையாமல் இருக்க வேண்டும். முன்னதாக உடைந்தால், நீர் புகாத இறகு முளைக்காத குஞ்சுகள் தண்ணீரில் நனைந்து விறைத்துச் சாகும், அல்லது மூழ்கும். 2022இல் தீபகற்பத்துக்கு மேற்கே உள்ள பெல்லிங்ஸ்ஹாசன் கடலில் ஐந்து குடியிருப்புகளில் நான்குக்கு இதுதான் நேர்ந்தது. பனியின் மேல் பழுப்பாகத் தெரிந்த எச்சக்கறை, குஞ்சுகள் தயாராகும் முன்பே பனியோடு சேர்ந்து காணாமல் போனதைச் செயற்கைக்கோள் படங்களில் பார்த்தார்கள். பெரிய பறவைகள் அதில் சாகவில்லை. எம்பெரர் நெடுநாள் வாழும், முதல் முட்டையிடவே சில ஆண்டுகள் ஆகும். அதனால் அடுத்த ஆண்டு போய்ப் பெரிய பறவைகளை எண்ணினால் எல்லாம் நலமாகவே தோன்றும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2016இல் வெடல் கடலோரத்து ஹேலி விரிகுடாவில் பனி உடைந்து, உலகின் இரண்டாவது பெரிய எம்பெரர் குடியிருப்பு சிதறியது. அடுத்த இரண்டு ஆண்டும் அங்கே குஞ்சு தேறவில்லை. ஆனால் சுமார் 55 கிலோமீட்டர் தள்ளியிருந்த டாசன்-லாம்டன் குடியிருப்பு அதே சமயத்தில் பத்து மடங்குக்கு மேல் பெருத்தது. இடம் பெயர்ந்திருக்கிறார்கள்! ஹேலியை மட்டும் எண்ணியவருக்குப் பேரழிவு, டாசன்-லாம்டனை மட்டும் எண்ணியவருக்குத் திருவிழா.

ஒரு நாள் கையிருப்பைப் பார்த்து ஒரு குடும்பத்தின் வரவுசெலவைச் சொல்ல முடியுமா? அதுபோலத்தான் ஒற்றை எண்ணிக்கையும். நான் மதிப்பது நீண்ட வரிசைகளை. டூமோன் துர்வீல் அருகே எம்பெரர்களை 1952 முதல் எண்ணிவருகிறார்கள். 1970களின் பிற்பகுதியில் அவை பாதியாகக் குறைந்ததும், அது வழக்கத்தைவிட வெப்பமான, பனி குறைந்த ஆண்டுகளோடு ஒத்துப்போனதும் தெரியவந்தது அந்த வரிசை இருந்ததால்தான்.

உங்கள் மூன்றாவது கேள்விதான் மூன்றில் கூர்மையானது. பட்டை மாட்டுவது பாதிக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்களும் ஆய்வாளர்களே. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் உள்ள க்ரோசே தீவுகளில் கிங் பெங்குயின்களுக்குத் தோலுக்கடியில் மின்னணு வில்லை வைத்து, அவற்றில் பாதிக்கு மட்டும் இறக்கையில் உலோகப் பட்டையும் மாட்டிப் பத்து ஆண்டு தொடர்ந்தார்கள். பட்டை மாட்டியவை 39 விழுக்காடு குறைவாகக் குஞ்சு பொரித்தன. பிழைத்திருப்பதும் குறைந்தது. நீந்தும்போது பட்டை நீரை இழுப்பதால் ஒவ்வொரு வீச்சுக்கும் கூடுதல் உழைப்பு. 2011இல் இது வெளியானபோது பெரிய சங்கடம்: பட்டை மாட்டிய பறவைகளை வைத்துப் பருவநிலை பற்றிச் சொன்னவற்றில் எவ்வளவு பருவநிலை, எவ்வளவு பட்டை?

இப்போது வில்லை பெருமளவு அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. ஒரு கிராமுக்கும் குறைவு, மின்கலம் கிடையாது. சில இடங்களில் பறவைகள் கடலுக்குப் போகும் ஒற்றைப் பாதையில் எடைமேடையையும் வில்லையைப் படிக்கும் அலைவாங்கியையும் புதைத்துவிடுகிறார்கள். யார் போனது, எத்தனை கிலோவோடு திரும்பியது எல்லாம் தானாகப் பதிவாகும். ஆள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. அப்புறம் தானியங்கிக் கேமராக்கள். பாறையில் ஒரு முக்காலி, அதில் ஒரு பெட்டி, ஆண்டு முழுக்கக் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு படம். 2012 முதல் 2022 வரையிலான இத்தகைய படங்களை வைத்து, ஜென்டூக்கள் இனப்பெருக்கத்தைத் தொடங்கும் நாள் பத்தாண்டில் சராசரியாக 13 நாள் முன்னே வந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

அந்தப் படங்களில் பலவற்றை எண்ணியது பொதுமக்கள். ‘பெங்குயின் வாட்ச்’ என்ற பெயரில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2014இல் அதை இணையத்தில் திறந்துவிட்டார்கள். பெரிய பறவை, குஞ்சு, முட்டை என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். ஒரே படத்தைப் பலர் பார்ப்பதால் நீங்கள் ஒன்றிரண்டை விட்டுவிட்டாலும் கணக்கு கெடாது. உங்களைப் போன்ற சந்தேகக்காரர்தான் அதற்கு வேண்டும், ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். பெரியவற்றை எண்ணுவது எளிது. பனி பெய்த நாள் படங்களில் குஞ்சுகள் பெற்றோரின் வயிற்றுக்கடியில் ஒளிந்திருக்கும், கொஞ்சம் வாலோ தலையோ மட்டும் தெரியும். அங்கே கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள்.

அன்புடன்.