மரமஞ்சளும் கோதல ஹிம்புட்டுவும் இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்குமா?

கொழும்பில் மருந்தாளராக வேலை செய்கிறேன். உடற்பருமனோடு வரும் இன்சுலின் எதிர்ப்புக்கு மூலிகைகள் உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எடை கூடினால் இன்சுலின் ஏன் வேலை செய்யாமல் போகிறது? (வெள்ளவத்தை)

வயிற்றுக் கொழுப்பிலிருந்து வரும் கொழுப்பமிலங்கள் ஈரலிலும் தசையிலும் தேங்குகின்றன, அக்கா. அதனால் அந்தக் கலங்கள் இன்சுலினுக்குச் சரியாக இணங்குவதில்லை. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். கணையம் கூடுதலாகச் சுரந்து கொஞ்சக் காலம் சமாளிக்கும். அது களைத்த பிறகுதான் இரத்தத்தில் சீனி ஏறும். தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90 சென்ரிமீற்றர், பெண்களில் 80 சென்ரிமீற்றர் இடுப்புச் சுற்றளவிலேயே கவனம் வேண்டும்.

மரமஞ்சள் அவித்துக் குடித்தால் மெற்போமின் என்ற நீரிழிவுக் குளிசை போலவே வேலை செய்யுமாமே? (கொட்டாஞ்சேனை)

தம்பி, இந்தப் பேச்சு சும்மா கிளம்பவில்லை. மரமஞ்சளில் பெர்பெரின் இருக்கிறது. கலத்துக்குள் சக்தி குறைந்ததை உணரும் ஏஎம்பிகே என்ற நொதியை அது தூண்டுகிறது. மெற்போமினும் அதே நொதியைத் தூண்டுகிறது. 2008இல் வெளியான ஷாங்காய் ஆய்வொன்றில் புதிதாக நீரிழிவு கண்டவர்களுக்கு 500 மில்லிகிராம் பெர்பெரினை நாளுக்கு மூன்று முறை, மூன்று மாதம் கொடுத்தார்கள். சீனி மெற்போமின் அளவுக்கே இறங்கியது. ஆனால் ஆட்கள் குறைவு, காலமும் குறைவு. அவர்கள் விழுங்கியது அளந்த குளிசை. நீங்கள் அவிக்கும் தண்ணீரில் எவ்வளவு இறங்குகிறது என்று யாரும் அளப்பதில்லை.

எனக்குப் பெரிய கவலை வேறு. மற்ற மருந்துகளை உடைக்கும் ஈரல் நொதிகளைப் பெர்பெரின் தடுக்கும். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்தவர்கள், புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க எடுக்கும் சைக்குளோஸ்போரின் என்ற மருந்து இதனால் இரத்தத்தில் ஏறிவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தொடவே வேண்டாம்.

கோதல ஹிம்புட்டு மூலிகைக் கட்டையில் கடைந்த கோப்பையில் ஊறிய தண்ணீர்? (மருதானை)

நம் நாட்டு மருந்து என்பதால் எனக்கு இதில் தனிப் பிரியம். இதிலுள்ள சலசினோல் என்ற பொருள், மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் குடல் நொதியைத் தடுக்கிறது. சோறு, பிட்டு சாப்பிட்ட பிறகு சீனி மெதுவாக ஏறும். 2005இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில் 51 நோயாளிகள் இதன் தேநீரைக் குடித்தார்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி சிறிதளவு குறைந்தது. ஆனால் இது முக்கியமாகக் குடலில் செய்யும் வேலை. தசையில் உள்ள எதிர்ப்பு குறையும் என்று இதை நம்பி இருக்காதீர்கள். வயிற்றுப் பொருமலும் வரலாம்.

தினமும் கறுவாத் தூள்? (தெமட்டகொடை)

கறிக்குப் போடுங்கள். மருந்தாக நம்பும் அளவுக்கு ஆதாரம் இல்லை. வாங்கும்போது மெல்லிய பட்டைகள் பல சேர்ந்து சுருண்ட நம் கறுவாவையே பாருங்கள். தடித்த ஒரே பட்டையாக இருக்கும் கசியா என்ற வேறு வகையில் கூமரின் என்ற பொருள் அதிகம். அதை நீண்ட காலம் அதிகம் எடுத்தால் ஈரலுக்குக் கூடாது.

அப்பா சீனியைக் குறைக்கும் கிளிக்ளசைட் குளிசை எடுக்கிறார். பாவற்காய்ச் சாறும் குடிக்கிறார். குளிசையை விட்டுவிட்டு மூலிகைக்கே மாறலாமா? (பம்பலப்பிட்டி)

வேண்டாம், மகள். குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இப்போது எடுக்கும் குளிசையும் சாறும் சேர்ந்தாலும் சீனி சட்டென்று இறங்கக்கூடும். வியர்த்து, நடுங்கி, மயங்கி விழுவார்கள். அப்படி வந்தால் உடனே குளுக்கோஸ் அல்லது சீனித் தண்ணீர் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூலிகை என்பதால் மட்டும் ஒன்றை நம்பிவிட முடியாது. மெற்போமினின் தொடக்கமும் ஐரோப்பாவின் கலீகா என்ற செடியில்தான் இருக்கிறது. அதிலுள்ள கலெஜின் என்ற பொருள் நச்சுத்தன்மை உள்ளது. வேதியியலில் மாற்றி, அளந்து, 1957இல் பிரான்சில் மனிதருக்குப் பரிசோதித்த பிறகே மருந்தானது. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அப்பா குடிப்பது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி டொக்டரிடம் காட்டுங்கள்.