பேனிக் அட்டாக்கிலிருந்து முழுமையாக மீண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்படி மீண்டீர்கள்?

"மாரடைப்பு என்று நினைத்து இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எல்லாம் நார்மல் என்கிறார்கள். ஆனால் திரும்பத் திரும்ப வருகிறது, இப்போது வெளியே போகவே பயமாக இருக்கிறது" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நான் மூன்று முறை ஓடியவன். உங்களைவிட ஒரு முறை அதிகம் ஓடிய சீனியர் என்ற உரிமையில் இந்தப் பதில்.

எனக்கு முதலில் வந்தது சலூன் நாற்காலியில். 2019 நவம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறேன். அந்த வாரம் ஒரு ஷிப்மென்ட் தள்ளிப்போய், சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டிய நிலைமை. அந்தச் செலவு யார் தலையில் என்று நான்கு நாளாகப் பஞ்சாயத்து. சரியான தூக்கம் இல்லை, ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ. முடி வெட்டும் தம்பி என் கழுத்தைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டி, தலையில் தண்ணீர் அடித்தார். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தால் உள்ளே இருந்த முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. அடுத்த நொடி, நெஞ்சு அடித்த அடியில் போர்த்தியிருந்த துணி துடிப்பது எனக்கே தெரிந்தது. உதடு மரத்துப்போனது. விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் போய்ச் சேரவில்லை. பாதி வெட்டிய தலையோடு, துணியைக்கூடக் கழற்றாமல் தெருவுக்கு ஓடி ஆட்டோ ஏறிவிட்டேன். அந்தச் சலூன் துணி இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

இ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் சுத்தம். இரண்டு மணி நேரத்தில் எனக்கு நல்ல பசி வேறு எடுத்தது. "ஒன்னும் இல்லீங்க, டென்ஷன் ஆகாதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். டென்ஷன் ஆகாதே என்று சொல்லி டென்ஷன் குறைந்த மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. பத்து நாளில் பஸ்ஸில் வந்தது. அதன்பிறகு ஒரு நாள் நல்ல தூக்கத்தில், நள்ளிரவு இரண்டரைக்கு வந்தது. இரண்டு தடவையும் ஓட்டம்தான். வீட்டில் அம்மா கண்ணேறு என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். பக்கத்து வீட்டில் கேஸ் டிரபிள் என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன், ஓமத் தண்ணீர் உட்பட.

ஆனால் நான் செய்த உண்மையான தப்பு வேறு. சலூனுக்குப் போவதை நிறுத்தினேன். பிறகு பஸ். பிறகு தியேட்டர், கல்யாணப் பந்தி, பில் போடும் வரிசை. சட்டென்று எழுந்து வெளியேற முடியாத இடம் எதுவாக இருந்தாலும் வேண்டாம். பைக்கில் போகும் வழியை ஆஸ்பத்திரிகளை ஒட்டியே அமைத்துக்கொண்டேன். முடி காது தாண்டி வளர்ந்ததும் ஆபீஸில் கேட்க ஆரம்பித்தார்கள். என்ன சொல்வது? "பழனிக்கு வேண்டுதல்" என்றேன். முருகனைச் சொன்னால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஊரே தலைமுடி வளர்த்து உட்கார்ந்திருந்தது. வெளியே போகாமல் இருப்பதுதான் சட்டம். அந்த இரண்டு மாதமும் எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. குணமாகிவிட்டது என்று நம்பினேன். ஜூனில் ஆபீஸ் திறந்தபோது வாசல் கேட்டைத் தாண்டவே கால் நடுங்கியது. ஒளிந்திருந்த நாட்களில் பயம் போகவில்லை, வட்டி போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அப்போதுதான் என் மனைவி பிடிவாதமாக மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று இரண்டு தெரு தள்ளி வண்டியை நிறுத்தினேன். டாக்டரம்மா முதலில் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொன்னார். தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வரும். அது இல்லை என்றானதும் அரை மணி நேரம் நிதானமாக விளக்கினார். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் விளக்கு எரிந்து மெஷின் தானாக நிற்கும். சில சமயம் சென்சாரில் பஞ்சு அடைந்து, நூல் அறாமலேயே நிற்கும். மெஷின் கெட்டுப்போகவில்லை, தப்பான நேரத்தில் தன் வேலையைச் செய்கிறது. பேனிக் அட்டாக்கில் அந்த வேலை என்பது, ஆபத்து நேரத்தில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோனைக் கொட்டி, உடம்பை ஓடுவதற்குத் தயார் செய்வது.

மூச்சு போதவில்லை என்று தோன்றுகிறதே, உண்மையில் அப்போது நாம் தேவைக்கு அதிகமாக மூச்சு விடுகிறோம். அதில் ரத்தத்திலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகிறது. உதடு மரப்பதும் விரல் சுரசுரப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். இன்னும் வேகமாக இழுத்தால் இன்னும் மோசமாகும். மயங்கி விழுந்துவிடுவோம் என்று பயப்படுவோம். மயக்கம் பெரும்பாலும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்போது வருவது, இதில் அது ஏறுகிறது. அதனால் விழுவது அபூர்வம். பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். இறங்கியே ஆகும், உடம்பால் அந்த வேகத்தில் தொடர்ந்து ஓட முடியாது. (காகிதப் பைக்குள் மூச்சு விடுவதைச் சினிமாவில் பார்த்துவிட்டு முயன்றேன். இனி செய்யாதே என்றார் டாக்டரம்மா. ஒருவேளை அது ஆஸ்துமாவாகவோ நிஜமான இதயப் பிரச்சினையாகவோ இருந்தால் ஆபத்து.)

ஆஸ்பத்திரிக்கு ஓடியதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இதே படபடப்போடும் மூச்சுமுட்டலோடும் வந்த சிப்பாய்களைப் பார்த்த ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவரே இதயத்தைத்தான் சந்தேகப்பட்டு, அதற்கு 'எரிச்சலுற்ற இதயம்' என்று பெயர் வைத்து 1871-இல் எழுதினார். இது திரும்பத் திரும்ப வரும் நிலைக்குப் பேனிக் டிஸார்டர் என்ற தனிப்பெயர், மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது 1980-இல்தான். முதல் முறை நெஞ்சு வலித்தால் நீங்களாக 'இது பேனிக்தான்' என்று முடிவு கட்ட வேண்டாம். போய்ப் பாருங்கள். நாலாவது முறையும் அதே அவசரப் பிரிவுக்கே போகாதீர்கள், அவ்வளவுதான்.

மாத்திரை எடுத்தேனா? எடுத்தேன். எஸ்சிட்டலோபிராம். முதல் வாரம் படபடப்பு கொஞ்சம் கூடவே செய்தது. முன்பே எச்சரித்திருந்ததால் நிறுத்தாமல் இருந்தேன். மூன்றாவது வாரக் கடைசியில் வித்தியாசம் தெரிந்தது. பதினான்கு மாதம் கழித்து டாக்டரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். நாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அவசரத்துக்கு என்று சில வாரத்துக்கு மட்டும் குளோனாசெபாம் கொடுத்தார். அது பழக்கமாகிவிடும் மருந்து. நான் அதை விழுங்கியதைவிடச் சட்டைப் பையில் தாயத்து மாதிரி வைத்துக்கொண்டு திரிந்ததுதான் அதிகம். அந்தத் தாயத்தையும் ஒரு நாள் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னார்கள்.

சொன்னது டாக்டரம்மா அனுப்பிய உளவியல் நிபுணர். அவரிடம் எனக்குக் கிடைத்த சிகிச்சையை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் என்னைச் சுற்றிவிட்டார். மூக்கைப் பொத்திக்கொண்டு ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொன்னார். மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடச் சொன்னார். நான் எந்தத் தலைச்சுற்றலுக்கும் மூச்சுமுட்டலுக்கும் படபடப்புக்கும் பயந்தேனோ அதையே வேண்டுமென்று வரவழைத்து, "இப்ப என்ன ஆச்சு?" என்று கேட்பார். ஒன்றும் ஆகியிருக்காது. வியர்த்திருக்கும். (இதையெல்லாம் உடம்பைப் பரிசோதித்த பிறகு, ஒருவர் கண்காணிப்பில் செய்தேன். படித்துவிட்டு நீங்களே தொடங்க வேண்டாம்.)

எழுதி வைக்கவும் சொன்னார். ஆபீஸில் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதி எழுதிக் கை பழகியவன் நான். ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டேன்: தேதி, இடம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பயந்தது, நடந்தது. ஆரம்பப் பக்கங்களில் 'பயந்தது' கட்டத்தில் வரிசையாக 'சாவு' என்று இருக்கும். 'நடந்தது' கட்டத்தில் 'ஏப்பம்', 'ஒன்றுக்கு வந்தது', 'மேனேஜர் போன்' இப்படி. அதிகபட்ச நேரம் 14 நிமிடம். எனக்கு மருந்துக்கு அடுத்தபடியாக வேலை செய்தது அந்த நோட்டுதான் என்பேன். வரும்போது அதை அடக்கப் பார்க்காமல், 'சரி, வா, மணி 6.42' என்று எழுத ஆரம்பித்தேன். பாதி நேரம் 'முடிந்த நேரம்' எழுத மறந்துபோகும், வேறு வேலையில் இறங்கியிருப்பேன்.

டீயை ஏழெட்டிலிருந்து இரண்டாகக் குறைத்தேன், அதிலும் வித்தியாசம் இருந்தது. காசு ஒரு தடையாக இருந்தால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்று டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணும் இருக்கிறது. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நான் தவித்த நாளில் அது கிடையாது, 2022 அக்டோபரில்தான் வந்தது.

'முழுமையாக' என்று கேட்டிருக்கிறீர்கள். எப்போதாவது இன்னும் எட்டிப்பார்க்கிறது. போன வருடம் அவிநாசி ரோட்டு டிராஃபிக்கில் பஸ்ஸுக்குள் வந்தது. நோட்டு கையில் இல்லை, டிக்கெட்டின் பின்னால் மணியைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பழனி விஷயத்தைச் சொல்லாமல் விட்டேனே. நான் சும்மா அடித்துவிட்ட வேண்டுதல் எப்படியோ அம்மா காதுக்குப் போயிருந்தது. "வேண்டிக்கிட்டா செலுத்திரோணும் கண்ணு" என்று பிடித்துக்கொண்டார். பொய் என்று அவரிடம் சொல்லத் தைரியம் இல்லை. உளவியல் நிபுணரிடம் சொன்னதற்கு அவர் சந்தோஷமாகச் சிரித்து, "போங்க, இதைவிட நல்ல எக்சர்சைஸ் நானே யோசிச்சிருக்க முடியாது" என்றார். தைப்பூசக் கூட்டம் வடிந்த பிறகு, 2021 பிப்ரவரியில், தாராபுரம் வழியாக பஸ்ஸிலேயே போனோம். முடிகாணிக்கை கொடுக்கும் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முடி எடுப்பவர் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். பிடரியில் கத்தி பட்டதும் சொல்லி வைத்தாற்போல வந்துவிட்டது: உதடு, விரல், நெஞ்சு, எல்லாம். எழுந்திருக்க ஒரு காலை ஊன்றிவிட்டேன். "தலைய ஆட்டாதீங்கண்ணா, கத்தி பட்ரும்" என்றார் அவர். காலை மறுபடி மடக்கினேன்.

அன்று மாலை எழுதியது நோட்டில் இப்படி இருக்கிறது. இடம்: பழனி அடிவாரம். தொடங்கியது: 10.20. முடிந்தது: தெரியவில்லை, சந்தனம் பூசும்போது இல்லை. பயந்தது: பாதித் தலையோடு மறுபடியும் ஓடுவேன். நடந்தது: மொட்டை.