போகாத ஊருக்கு வழி

கேள்வி: எனக்கு 61 வயது. புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். முழங்கால் தேய்மானத்தால் மாடிப்படி ஏறுவதே பெரும்பாடு. மலை, கடல் என்று போவதெல்லாம் நின்றுவிட்டது. தீபாவளிக்கு வந்த மகள், 'செகண்ட் லைஃப்' என்ற இணைய உலகத்தில் எனக்கு ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்துவிட்டு, "அங்கே ஒரு பனித்தீவு இருக்கிறது, போய்ப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ரயில்வேயில் கார்டாக இருந்த என் கணவரோ, "போகாத ஊருக்கு வழி தேடுகிறாயா? டிவியில் காட்டாத மலையா?" என்று சிரிக்கிறார். எனக்கும் சந்தேகம்தான். இல்லாத இடத்தைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் வீட்டுக்காரரின் டிவி கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். டிவியில் மலையைக் காட்டுபவர் எங்கே திரும்புகிறாரோ அங்கேதான் நாமும் திரும்ப வேண்டும். நமக்கு அந்த ஓடைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அவருக்கு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். செகண்ட் லைஃபில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே உங்களுக்குப் பதிலாகத் திரையில் நடமாட ஒரு பொம்மை உருவம் உண்டு. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மௌஸை இழுத்தால் அந்த உருவம் நின்ற இடத்திலேயே நிற்கும். பார்வை மட்டும் சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும்.

முதல் தடவை நான் போன தீவின் பெயர் மறந்துவிட்டது. நடக்கத் தெரியாமல் படகுத்துறையிலிருந்து நேராகக் கடலில் விழுந்தேன். அங்கே யாரும் மூழ்கிச் சாவதில்லை என்பதால் கடலடியிலேயே நடந்து கரையேறினேன். மேலே ஒரு மரவீடு. முன்பக்கம் எல்லாரும் படம் எடுக்கும் அழகு. பின்பக்கம் போனால், கொடியில் இரண்டு போர்வைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஜன்னல் விளிம்பில் ஒரு தேநீர்க் கோப்பை, பக்கத்தில் கவிழ்த்து வைத்த புத்தகம். நூறு பேர் வந்தால் தொண்ணூறு பேர் அந்தப் பக்கம் போகவே மாட்டார்கள். போகிற பத்துப் பேருக்காக யாரோ உட்கார்ந்து அந்தப் போர்வைக்கு மடிப்பு வைத்திருக்கிறார்கள். நான் அங்கே திரும்பத் திரும்பப் போவதற்கு இதுதான் காரணம். இயற்கைக் காட்சி என்று பெயரே தவிர, அங்கே இயற்கையாக எதுவும் இல்லை. ஒவ்வொரு புல்லும் ஒருவர் வைத்தது.

லிண்டன் லேப் என்ற அமெரிக்க நிறுவனம் 2003-இல் இந்த உலகத்தைத் திறந்தது. நிறுவனம் தருவது பெரும்பாலும் வெறும் நிலம். மரம், வீடு, பாறை எல்லாம் அங்கே குடியிருப்பவர்கள் செய்து வைப்பவை. சுற்றிப் பார்க்க நீங்கள் ஒரு காசு தர வேண்டாம். ஆனால் 256 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட ஒரு முழுப் பகுதியை நிறுவனத்திடம் நேரடியாக வாங்கி வைத்திருப்பவர் மாதம் 200 டாலருக்கும் மேல் கட்ட வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் வந்து உலாவிப் போவதற்காக இதைக் கைக்காசில் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். வாசலில் ஒரு உண்டியல் இருக்கும், விழுவது சொற்பம்தான். முடியாமல் போகும்போது இடத்தை மூடிவிடுகிறார்கள், தீவு மறைந்துவிடுகிறது. சுவீடனில் கோட்லாண்டுக்குப் பக்கத்தில் ஃபூரில்லன் என்று ஒரு தீவு; பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம் உள்ள இடம். அதன் வெறுமையை அப்படியே செகண்ட் லைஃபில் கொண்டுவந்தார்கள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து படமெடுத்தார்கள். அதுவும் ஒருநாள் மூடப்பட்டது. வாசலில் போட்ட கோலம் மாதிரிதான். மகள் சொன்ன பனித்தீவைக் கோடை விடுமுறைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் புவியியல் ஆசிரியை என்பதால் இன்னொன்று. அந்த உலகத்தின் வரைபடத்தைத் திறந்து பாருங்கள், சிரிப்பு வரும். சில கடற்கரைகள் ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல் நேர்கோட்டில் முடியும். நிலம் சதுரம் சதுரமாகப் பிறந்ததன் தழும்பு அது. வழக்கமான ஒரு நாளுக்கு 4 மணி நேரம்தான்: 3 மணி நேரம் பகல், 1 மணி நேரம் இரவு. அதுவும் போதாதென்றால் சூரியனை நீங்களே எங்கு வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். எல்லாரும் அஸ்தமனத்தில் நிறுத்திப் படம் எடுத்துத் தள்ளுகிறார்கள். எனக்கு அது சலித்துவிட்டது. காலை வெயிலில் வைத்துப் பாருங்கள், செய்தவரின் கை தெரியும்.

முழங்காலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இந்த விஷயத்தில் நீங்கள் தனி ஆள் இல்லை. விர்ச்சுவல் எபிலிட்டி என்ற தொண்டு அமைப்பு மாற்றுத்திறனாளிகளுக்காக அங்கே ஒரு தீவையே நடத்துகிறது. புதிதாக வருபவர்களுக்கு நடக்கவும் பேசவும் பழக்குகிறது. அங்கிருந்து தொடங்குவது நல்லது. இதனால் உங்கள் மூட்டு சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். உட்கார்ந்தே இருந்தால் இன்னும் கெடும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து சமையலறை வரையாவது போய் வாருங்கள்.

ஓர் இடத்தில் இறங்கியதும் எல்லாம் சாம்பல் நிறத்தில் மொட்டையாகத் தெரியும். பயப்பட வேண்டாம், இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள், வண்ணம் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ளும். பெஞ்சு இருந்தால் அதைச் சொடுக்கி உட்காருங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் தரப்பிரிவு உண்டு. பொது என்று குறித்த இடங்களோடு நிறுத்திக்கொண்டால் சங்கடமான காட்சிகள் அநேகமாகக் கண்ணில் படாது. யாராவது இனிக்கப் பேசிச் சொந்தப் பெயர், ஊர், வங்கி விவரம் கேட்டால் பதில் சொல்லாமல் வேறு தீவுக்குப் போய்விடுங்கள். போவதற்கு ஒரு நொடி போதும். நிஜ ஊரில் கிடைக்காத வசதி.

இனி உங்கள் கணவர். அவரிடம் வாதாட வேண்டாம். ஹெட்டரோசெரா என்று ஒரு பழைய கண்டம் அங்கே இருக்கிறது. அந்துப்பூச்சிகளைக் குறிக்கும் சொல் அது. அதன் பகுதிகளுக்கும் அந்துப்பூச்சிகளின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்டத்தில் ஊர் ஊராக ஒரு ரயில் பாதை ஓடுகிறது. ஒரு நாள் சாயங்காலம் காப்பி கொடுத்துவிட்டு, பேச்சில்லாமல் அந்தத் தண்டவாளத்தின் ஓரமாக நடந்துகொண்டிருங்கள். முதலில் தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பார். பிறகு சிக்னல் நிற்கும் இடம் சரியில்லை என்பார், பிளாட்பாரம் குட்டை என்பார். அப்போது உங்கள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போடுங்கள்.