மாமியார் பாடத்திட்டத்தில் இல்லை

கேள்வி: குரோம்பேட்டையில் இருக்கிறேன். நகருக்குள் ஒரு தனியார் கல்லூரியில் மூன்று வருடமாக பி.எஸ்சி. உளவியல் எடுக்கிறேன். என் வகுப்பென்றால் பிள்ளைகளுக்கு உயிர். நார்சிசிஸத்துக்கு, அதாவது தன்னையே பெரிதாக நினைக்கும் குணத்துக்கு, என் மாமியாரையே உதாரணம் சொல்வேன், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் ஒரு சம்பவத்தைக் கொடுத்து விளக்கு என்றால் பரீட்சையில் கோட்டை விடுகிறார்கள். வகுப்பு முடிந்ததும் ‘எங்கப்பா டாக்ஸிக், மேம்’ என்று ஆளாளுக்கு வந்து நிற்கிறார்கள். குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்வதால் மாலையில் நேரம் கிடைக்கிறது. கவுன்சலிங் டிப்ளமோ படிக்கட்டுமா?

பதில்: டிப்ளமோ இருக்கட்டும். போகிற போக்கில் மாமியாரைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களே, உங்கள் இரண்டு தொல்லைக்கும் வேர் அதுதான்.

நார்சிசிஸ ஆளுமைக் கோளாறுக்கு, மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்-5 ஒன்பது அடையாளங்கள் சொல்கிறது. அவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், அதுவும் இளவயதிலிருந்தே, பல சூழல்களிலும். குழம்பில் உப்பில்லை என்பதெல்லாம் கணக்கில் வராது. ஒருவர் செய்ததற்குச் சூழ்நிலையை விட்டுவிட்டுக் குணத்தையே காரணமாக்குவதற்கு 1977இல் உளவியலாளர் லீ ராஸ் ‘அடிப்படைக் காரணங்காட்டல் பிழை’ என்று பெயர் வைத்தார். சமூக உளவியலில் நீங்களே நடத்தும் பாடம்! மேடம் மாமியாருக்குப் பட்டம் கொடுக்கலாமென்றால், பிள்ளை அப்பாவுக்குக் கொடுக்காதா? உங்கள் குழந்தைக்குச் சோறூட்டுகிறவரை, பதில் சொல்ல அவர் இல்லாத இடத்தில் சிரிப்புக்கு வைத்தது எனக்குத் துளியும் பிடிக்கவில்லை.

அடுத்த வகுப்பில் ‘இரவில் அப்பா போனைப் பிடுங்கினார்’ என்று நீங்களே ஒரு சம்பவம் கொடுங்கள். சொந்த வீட்டுக் கதையை எழுதச் சொல்லாதீர்கள், கொட்டினால் அள்ள முடியாது. ஆளுக்கொரு தாள், நடுவில் கோடு. இடப்பக்கம் கேமராவில் பதிவாகக்கூடியது மட்டும். பாதிப் பேர் ‘கோபமாக’ என்று எழுதுவார்கள். கோபம் கேமராவில் விழாது. குரல் உயர்ந்தது, மணி ஒன்றரை, போன் கைமாறியது, இவை விழும். அந்தச் சொல்லை அடித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். வலப்பக்கம் மூன்று விளக்கங்கள், அதில் ஒன்றாவது சூழ்நிலை சார்ந்தது. கடைசியாக, ஒவ்வொரு விளக்கமும் தவறென்று தெரிய எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி. இங்கேதான் திணறுவார்கள். எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், பத்து நிமிடம் திணறட்டும். பரீட்சையில் கேட்பதும் இதைத்தான்.

இன்டர்னல் மார்க் போடுகிறவர் கவுன்சலிங் செய்யக் கூடாது. மார்க்குக்குப் பயந்து பாதியை மறைப்பார்கள், இல்லையென்றால் கதை சொல்லி மார்க் கேட்பார்கள். டிப்ளமோ வாங்கினாலும் இது மாறாது. காது கொடுத்துக் கேட்டுவிட்டு கல்லூரி ஆலோசகரிடம் அனுப்புங்கள். அடி, உதை, சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் மட்டும் அனுப்பாதீர்கள், அன்றைக்கே கூடவே போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐப் பலகை ஓரத்தில் எழுதி வையுங்கள், இரவிலும் தமிழில் பேசலாம்.

மாலையில் கிடைக்கிறது என்கிறீர்களே, அது மாமியாருடைய நேரம். ஆறு மணிக்குள் வீட்டுக்குப் போய்க் குழந்தையை அவர் கையிலிருந்து வாங்குங்கள்.