எட்டு மாதம் ஆகியும் உட்காரவில்லையே!

கேள்வி: என் மகள் 32-வது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். இப்போது 8 மாதம். கையை ஊன்றித்தான் உட்காருகிறாள். கையை எடுத்தால் சரிந்துவிடுகிறாள். இவள் பிறந்த சமயத்திலேயே பிறந்த என் அக்கா மகன் நிமிர்ந்து உட்கார்ந்து விளையாடுகிறான். என் மகளின் வளர்ச்சி பின்தங்கிவிட்டதா? வாக்கர் வாங்கலாமா?

பதில்: பிறந்த தேதியைச் சற்று மறந்துவிட்டு, பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதியை எடுத்துப் பாருங்கள். உங்கள் மகள் 8 வாரம் முந்திப் பிறந்தவள். வளர்ச்சியைக் கணிக்கும்போது அந்த 8 வாரத்தைக் கழித்துவிட வேண்டும். அப்படிப் பார்த்தால் அவளுக்கு ஏறக்குறைய 6 மாதம்தான். இதைத் ‘திருத்திய வயது’ என்கிறோம். 2 வயது வரை இந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கூடாது. அதைப் பிறந்த தேதிப்படியே போட வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டு ஊசியைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள்.

நிறைமாதக் குழந்தைகளே ஒரே நாளில் உட்கார்ந்துவிடுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பிடிமானமின்றி உட்காரும் வயது 4 மாதத்திலிருந்து 9 மாதம் வரை பரவியிருந்தது.

இரு கைகளையும் முன்னால் ஊன்றி முக்காலிபோல் உட்காருவது நல்ல அறிகுறி. பொம்மையைக் காட்டினால் ஒரு கையை எடுப்பாள், சாய்வாள், சட்டென்று மறுபடி ஊன்றிக்கொள்வாள். அந்தத் தடுமாற்றத்தில்தான் முதுகும் இடுப்பும் பழகுகின்றன. எனவே, தலையணை அடுக்கி அணைகட்டுவதைக் குறைத்து, தரையில் விரிப்பைப் போட்டு விளையாட விடுங்கள். விழித்திருக்கும்போது அருகில் இருந்துகொண்டு குப்புறப் படுக்க வையுங்கள். தூங்க வைக்கும்போது மல்லாத்தித்தான் படுக்க வைக்க வேண்டும்.

வாக்கர் வேண்டவே வேண்டாம். அது நடக்கக் கற்றுத் தராது. படியில் உருண்டு தலையில் அடிபட வைக்கும். கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது.

கழுத்து இன்னும் நிற்கவில்லை, ஒரு கை மட்டும் எப்போதும் மூடியே இருக்கிறது, துணி மாற்றும்போது கால்கள் கட்டைபோல் விறைக்கின்றன, சத்தத்துக்குத் திரும்புவதில்லை, செய்துகொண்டிருந்த ஒன்றை நிறுத்திவிட்டாள் – இவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். திருத்திய வயது 9 மாதம் ஆகியும் தானாக உட்காராவிட்டாலும் அப்படியே. போகும்போது அவள் தரையில் விளையாடுவதைச் செல்போனில் இரண்டு நிமிடம் படம்பிடித்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனையில் அழுதுகொண்டிருக்கும் குழந்தை எதையும் செய்துகாட்டாது.