ஒரு யூனிட்டுக்கு மூன்று வாளி: கீசர் பற்றிச் சில கேள்விகள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி கீசரைப் பற்றித்தான் இருக்கும். பதிலுக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு. 18 லிட்டர் வாளித் தண்ணீரை 15 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 0.31 யூனிட் மின்சாரம் வேண்டும். அதாவது ஒரு யூனிட்டுக்கு மூன்று வாளி. சூடேற்றும் கம்பியான காயில் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் எந்தக் கம்பெனி கீசருக்கும் இதே கணக்குதான். மிச்சம் பிடிக்க வழி இருப்பது வேறு இடத்தில்: காய்ச்சிவிட்டுக் குளிக்காமல் விட்ட தண்ணீரில், குழாயில் நின்று ஆறிப்போகும் தண்ணீரில்.

வேளச்சேரியில் ஃபிளாட். நானும் மனைவியும் மட்டும்தான். கடைக்காரர் 5 ஸ்டார் 25 லிட்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

25 லிட்டர் உங்களுக்கு அதிகம். 60 டிகிரி வெந்நீரைப் பச்சைத்தண்ணீரோடு விளாவினால் 25 லிட்டரிலிருந்து மூன்றரை வாளி குளிக்கிற தண்ணீர் கிடைக்கும். உங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு வாளி போதும். மீதி தொட்டியிலேயே ஆறும்.

ஸ்டார் எதை அளக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் எவ்வளவு வேகமாகச் சுடுகிறது என்பதை அல்ல. சுட்ட தண்ணீர் 24 மணி நேரம் சும்மா நின்றால் எவ்வளவு வெப்பம் கசிகிறது என்பதைத்தான் அளக்கிறார்கள். லேபிளில் அந்த எண் அச்சாகியிருக்கும். ஸ்டாரோடு அதையும் பாருங்கள். காலையில் அரை மணி நேரம் போட்டு உடனே குளித்துவிடுகிற வீட்டில் 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் பில்லில் பெரிய வித்தியாசம் தெரியாது.

வாளியில் குளிப்பவர்கள் என்றால் 3 கிலோவாட், 3 லிட்டர் இன்ஸ்டன்ட் (தண்ணீர் ஓடும்போதே சுடவைக்கும் வகை) போதும். சென்னைத் தண்ணீருக்கு நிமிடத்துக்கு மூன்று லிட்டர் அளவில் இதமான வெந்நீர் வரும்; ஆறு நிமிடத்தில் வாளி நிறையும். ஷவர்தான் பழக்கம் என்றால் 15 லிட்டர் வாங்குங்கள்.

அதே 3 லிட்டர் இன்ஸ்டன்டை கோத்தகிரி வீட்டில் மாட்டினோம். வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. குளிர்காலத்தில் உங்கள் குழாய்த் தண்ணீரே 12 டிகிரியில் வந்தால், அதை 40-க்குக் கொண்டுபோக அந்தக் காயிலால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் தர முடியும். குழாயை நூல் போலத் திறந்து வைத்துப் பாருங்கள், சூடாக வரும். ஆனால் வாளி நிறைய 12 நிமிடம் ஆகும். மலையில் தொட்டியில் சேர்த்துச் சுடவைக்கும் 25 லிட்டர் ஸ்டோரேஜ்தான் சரி. சுற்றிலும் குளிர் என்பதால் கசிவும் அதிகம். 5 ஸ்டாருக்குக் கொடுக்கும் கூடுதல் காசு அங்கே வீண் போகாது.

அடிக்கடி ஆன்-ஆஃப் செய்தால்தான் கரண்ட் அதிகம் இழுக்கும், ஆனிலேயே விடுங்கள் என்கிறார் எலக்ட்ரீஷியன். உண்மையா?

இல்லை. தொட்டி எவ்வளவு நேரம் சூடாக நிற்கிறதோ அவ்வளவு நேரமும் வெப்பம் கசியும். 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் 60 டிகிரிக்கு வர 17, 18 நிமிடம் போதும். குளிக்கப் போவதற்கு இருபது நிமிடம் முன்னால் போடுங்கள், முடிந்ததும் அணைத்துவிடுங்கள். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு இது முக்கியம். அந்தக் கோட்டைத் தாண்டினால் ஸ்லாப்பே மாறிவிடும்.

திருப்பூர். போர் தண்ணீர், உப்பு அதிகம். சோலார் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். ஆனால் கண்ணாடிக் குழாய் உள்ள வகையாகப் பாருங்கள். தட்டைப் பலகை வகையில் தண்ணீர் மெல்லிய செப்புக் குழாய்களில் ஓடும். உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் அகலமானது, கழற்றிக் கழுவலாம். நான்கு பேருக்கு 100 லிட்டர் போதும்.

மாட்டுகிறவரிடம் பேச வேண்டிய விஷயம் குழாய் நீளம். மொட்டை மாடியிலிருந்து தரைத்தளக் குளியலறைக்கு முக்கால் இஞ்சுக் குழாய் 20 மீட்டர் ஓடினால், அதற்குள் ஆறு லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு காலையும் அந்த ஆறு லிட்டர் பச்சைத்தண்ணீரை வெளியே விட்ட பிறகுதான் வெந்நீர் வரும். குழாயை எவ்வளவு குறுக்கமாகக் கொண்டுவர முடியுமோ அப்படிக் கொண்டுவரச் சொல்லுங்கள், மேலே இன்சுலேஷனும் கட்டாயம் போடச் சொல்லுங்கள்.

அப்புறம், நமக்கு வெந்நீர் அதிகம் தேவைப்படும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வெயில் இருக்காது. அதற்காகத் தொட்டியிலேயே மின்காயில் வைத்துத் தருவார்கள். அதை ஆட்டோவில் விடாதீர்கள். ராத்திரியில் கரண்டிலேயே 100 லிட்டரையும் சுடவைத்துவிடும். அதற்குக் கிட்டத்தட்ட 4 யூனிட். விடிந்து வெயில் வந்தால் சோலாருக்கு வேலையே இருக்காது. சுவிட்ச் உங்கள் கையில் இருக்கட்டும், மேகமூட்டமான நாளில் மட்டும் போடுங்கள். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு எச்சரிக்கை: நல்ல வெயில் நாளில் இந்தத் தண்ணீர் கை வெந்துபோகும் அளவுக்குச் சுடும். பச்சைத்தண்ணீரை முதலில் பிடித்துவிட்டு வெந்நீரை விடுங்கள்.

உப்புத் தண்ணீரால் கீசர் கரண்ட் அதிகம் குடிக்குமா?

நினைக்கிற அளவுக்கு இல்லை. உப்பு மூடினாலும் காயிலின் சூடு கடைசியில் தண்ணீருக்குத்தான் போகிறது. நேரம்தான் கூடும். ஆனால் அந்த ஓட்டுக்குள் காயில் அளவு மீறிச் சூடாகி ஒரு நாள் வெடித்துவிடும். எங்கள் வீட்டுக் கீசரை நான்கு வருடம் திறக்காமல் விட்டது என் தவறு. கழற்றியபோது காயில் சுண்ணாம்பு பூசிய குச்சி போல இருந்தது. அடியில் முட்டை ஓடு போன்ற சில்லுகளை இரண்டு கை நிறைய அள்ளினேன். கூடவே இருக்க வேண்டிய மெக்னீசியம் ராடு கரைந்து கம்பி மட்டும் மிஞ்சியிருந்தது. தொட்டி அரிக்காமல் இருக்கத் தன்னையே கரைத்துக்கொள்ளும் ராடு அது. உப்புத் தண்ணீர் ஊரில் வருடத்துக்கு ஒரு முறை அதைப் பாருங்கள். 60 டிகிரிக்கு மேல் போனால் படிவு வேகமாகும், எனவே தெர்மோஸ்டாட்டை 55-ஐ ஒட்டி வையுங்கள். பல நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் மட்டும், தேங்கிய தண்ணீரில் கிருமி இருக்கலாம் என்பதால், முழுச் சூட்டில் ஒரு முறை காய்ச்சி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மதுரையில் கூட்டுக்குடும்பம், எட்டுப் பேர். ஹீட் பம்ப் நல்லதா?

உங்களைப் போன்ற வீட்டுக்குத்தான் அது. ஃபிரிட்ஜ் உள்ளேயிருக்கும் சூட்டை வெளியே தள்ளுவது போல, இது வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீரில் சேர்க்கிறது. 200 லிட்டரை 20 டிகிரி ஏற்றக் காயிலுக்கு 4.6 யூனிட் ஆகும். மதுரைச் சூட்டில் ஹீட் பம்ப் அதை ஒன்றரை யூனிட் அளவில் முடித்துவிடும். விலை அதிகம்தான், ஆனால் தினமும் எட்டுப் பேர் குளிக்கும் வீட்டில் அந்தக் காசு திரும்பி வரும். காற்றோட்டமான இடம் வேண்டும். அடைத்த ஸ்டோர் ரூமில் வைக்காதீர்கள்.

கேஸ் கீசர் செலவு குறைவு என்கிறார்கள். குளியலறையில் இடம் இருக்கிறது.

குளியலறைக்குள் வேண்டவே வேண்டாம். கதவைச் சாத்திக் குளிக்கும் சின்ன அறையில் எரியும் தீ, இருக்கும் ஆக்ஸிஜனைத் தீர்த்து கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலை சுற்றுகிறது என்று உணர்வதற்குள் கதவைத் திறக்கக் கை வராது. கேஸ்தான் வேண்டும் என்றால் கீசரை வெளிச்சுவரில், திறந்த இடத்தில் மாட்டுங்கள். குளியலறைக்குள் வெந்நீர்க் குழாய் மட்டும் வரட்டும். ஏற்கெனவே உள்ளே மாட்டியிருப்பவர்கள் இந்த வாரமே ஆளைக் கூப்பிட்டு வெளியே மாற்றுங்கள். அதுவரை வாளியை நிரப்பி, கீசரை அணைத்து, கதவைத் திறந்து கெட்ட காற்று வெளியேறிய பிறகு குளியுங்கள்.