ஓட்டையை அடைத்தாய், உடைத்தது யார் என்று கேட்டாயா?

கேள்வி: எனக்கு 19 வயது. தொண்ணூறுகள் என்றால் உயிர். டிவி கேமில் சூப்பர் மரியோ, காண்ட்ரா, தூர்தர்ஷனில் வந்த ஒளியும் ஒலியும், சக்திமான், கேசட்டில் இளையராஜா. பழைய டேப்ரிக்கார்டர் ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். பரணில் 14 கேசட்டுகள் கிடைத்தன. ஒன்றில் பெயர் இல்லை, நீல மையில் ஒரு தேதி மட்டும். அதன் ஓட்டையில் செல்லோடேப் ஒட்டி எனக்குப் பிடித்த பாட்டுகளைப் பதிந்துகொண்டேன். அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவோ எல்லாவற்றையும் காயலான் கடையில் போடு என்கிறார். நண்பர்கள் ‘பூமர்’ என்று கிண்டல் செய்கிறார்கள். இதையெல்லாம் பேச எனக்கு யாருமே இல்லை. இருபது வருஷம் தாமதமாகப் பிறந்துவிட்டேனோ?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: தம்பி, இந்த ‘தாமதமாகப் பிறந்துவிட்டேன்’ கடிதம் எனக்கு அடிக்கடி வருகிறது. பூமர் கிண்டலுக்கெல்லாம் பதில் எழுதி இடத்தை வீணாக்கப் போவதில்லை. நீ போகிற போக்கில் எழுதிய செல்லோடேப்பைப் பற்றிப் பேசுவோம்.

கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும், பக்கத்துக்கு ஒன்றாக, சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் ஓட்டை விழும், ரெக்கார்ட் பட்டன் அமுங்காது. ஓட்டையை அடைத்தால் மறுபடி அமுங்கும். இது உனக்குத் தெரியும். தெரிந்துதான் டேப் ஒட்டினாய். பாட்டோடு விற்கும் கம்பெனி கேசட் தகடு இல்லாமலே வரும், சரி. ஆனால் பெயர் இல்லாமல் கையால் தேதி எழுதியது கம்பெனி கேசட் இல்லை. உன் வீட்டில் யாரோ வெற்றுக் கேசட் வாங்கி, எதையோ பதிந்து, இதை ஒருவரும் அழிக்கக் கூடாது என்று அந்தத் தகட்டை நெம்பி உடைத்திருக்கிறார்கள். காயலான் கடை என்று சொன்ன அப்பா மேல் கோபப்படுகிறாய். அவர் வாயால்தான் சொன்னார். நீ ரெக்கார்ட் பட்டனால் செய்தே விட்டாய்.

அதில் என்ன இருந்தது? ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பதிந்த பாட்டாக இருக்கலாம். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம். ஐந்து நிமிடப் பாட்டு ஆறுதான் பிடிக்கும். ஏழாவதை அடிக்க மனசு வராமல் அந்தத் தாளை எத்தனை முறை மாற்றி எழுதுவோம் தெரியுமா? இல்லையென்றால், வளைகுடாவுக்குப் போன யாருக்கோ வீடே சுற்றி உட்கார்ந்து பேசியதாக இருக்கலாம். ஃபோன் காசைத் தின்ற காலத்தில் கேசட்டும் கடிதமாகப் போனது. உன் தாத்தா குரலாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்பதில்தான் எனக்கு ஆத்திரம். காண்ட்ராவில் 30 உயிர் வாங்க எந்தப் பட்டனை எந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்று பிசகாமல் எழுதியிருக்கிறாய் (கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறோம்). சக்திமான் 1997-ல் வந்தது என்பதும் தெரிகிறது. அந்த நீலத் தேதி எந்த நாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அம்மா ஒன்றும் சொல்லவில்லையாம். அதை நீ சம்மதமாக எடுத்துக்கொண்டாய். என் அம்மாவின் கல்யாணப் புடவையை வெட்டி நான் பாவாடை தைத்துக்கொண்டபோது அவளும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பீரோவை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று மத்தியானம் முழுக்க அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். பரணில் கிடப்பதால் ஒரு பொருள் அநாதையாகிவிடாது. பெரியவர்கள் பொருளைத் தொடும் முன் ஒரு வார்த்தை கேட்பது பிள்ளையின் கடமை. இதில் நான் பழைய பஞ்சாங்கம்தான்.

பேச யாருமே இல்லை என்று வேறு எழுதுகிறாய்! வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்க டிவி இருந்த வீட்டு வாசலில் செருப்பை விட்டுவிட்டுக் காத்திருந்த தலைமுறையைச் சேர்ந்தவள் உன் வீட்டு அடுப்படியில் நிற்கிறாள். அவளிடம் நீ ஒரு கேள்வி கேட்டதாகக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை.

பதிந்த பக்கம் போனது போனதுதான், எந்தக் கடையிலும் மீட்டுத் தர மாட்டார்கள். ஆனால் ‘ஓட்டையில்’ என்று ஒருமையில் எழுதியிருக்கிறாய். ஒரு பக்கம்தான் பதிந்தாயா? அப்படியென்றால் மறுபக்கம் பிழைத்திருக்கும். நாடாவில் இரண்டுக்கும் தனித்தனித் தடம். முதலில் செல்லோடேப்பை உரி. டேப்ரிக்கார்டரில் நாடா உரசும் ஹெட்டையும் ரப்பர் ரோலரையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடை. நாடா தொய்ந்திருந்தால் பென்சிலை விட்டு மெல்லச் சுற்று. அப்புறம் தனியாகப் போட்டுக் கேட்காதே. அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்து, செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு பிளே பட்டனை அழுத்து. பக்கத்தில் ஃபோனில் பதிவு ஓடட்டும். பழைய நாடா எப்போது சிக்கும் என்று சொல்ல முடியாது.

டிவி கேம் கேட்ரிட்ஜை வாயால் ஊதும் பழக்கம் இருந்தால் விட்டுவிடு, ஈரத்தில் பின் கெட்டுப்போகும். மிச்சம் இருக்கும் 13 கேசட்டில் எத்தனைக்குத் தகடு உடைந்திருக்கிறது என்று இன்று ராத்திரியே எண்ணிப் பார்.